அரங்கசாமி அண்ணன் ராசி

"அரங்கசாமி அண்ணன் வாங்கிட்டாராம். வித்துப்போடுங்க!"

சரவணம்பட்டி பேக்கரியில் டீக்காக நின்றிருந்த ஹிபாவின் காதில் விழுந்தது. திரும்பிப் பார்த்தால், அவள் புதிதாகச் சேர்ந்திருக்கும் ஆபீஸ்காரர்கள்தான். நாலு பேரும் டீயை அப்படியே வைத்துவிட்டு போனை எடுத்தார்கள்.

"யாருங்க, அக்கவுண்ட்ஸ் அண்ணனா?" என்று மெல்லக் கேட்டாள்.

"அவரேதான்," என்றான் ஜெஃபின். "அவரு தொட்ட ஷேர் வெளங்குனதே இல்லீங்க. டிவில கோட்டு போட்டுட்டுச் சொல்றவங்க தப்பினாலும் தப்புவாங்க, அண்ணன் ராசி தப்பாது."

அடுத்த வாரம் ஆபீஸ் முழுக்க 'பொட்டிக்கடை டாட் காம்' பேச்சு. மளிகையை நொடியில் வீட்டுக்கு அனுப்பும் கம்பெனி. லாபம் என்று ஒரு ரூபாய் கண்டதில்லை. ஷேர் மட்டும் தினமும் ஏறியது.

ஹிபாவுக்கும் கை அரித்தது. தம்பியின் காலேஜ் ஃபீஸ் அவள் கணக்கில்தான் இருந்தது.

"ஏன் ரைஹான், ஃபீஸ் கட்ட இன்னும் ஒரு வாரம் இருக்குல்லடா?" என்று சீட்டில் இருந்தபடியே போனில் கேட்டுக்கொண்டாள். போட்டு எடுத்துவிடலாம். யாருக்குத் தெரியப்போகிறது?

போனில் 'வாங்கு' பட்டனுக்கு விரலைக் கொண்டுபோனாள்.

பக்கத்து சீட்டில் குனிந்து வேலை பார்த்துக்கொண்டிருந்த அரங்கசாமி சட்டென்று எழுந்தார்.

"பொட்டிக்கடை நானும் வாங்கிப்போட்டேனுங்க!"

ஹால் முழுக்க, "அய்யோ!"

கிடைத்த விலைக்கு எல்லோரும் விற்றார்கள். ஹிபா பல்லைக் கடித்துக்கொண்டு கையை இழுத்துக்கொண்டாள். கெடுத்தாரே மனுஷன்!

வாரம் முடிவதற்குள் ஷேர் பாதியாகச் சரிந்தது. பேக்கரியில் ஒரே சிரிப்பு.

"பாவம்ங்க, அடிபட்டு வந்திருக்காரு. அண்ணனுக்கு ஒரு டீ, ஒரு தேங்காய் பன்!"

அரங்கசாமி மறுக்காமல் வாங்கிக்கொண்டார்.

திரும்பி நடக்கும்போது ஹிபா தயங்கித் தயங்கிக் கேட்டாள். "ரொம்பப் போயிருச்சுங்களாண்ணா?"

"வாங்கியிருந்தாத்தானே அம்மணி போறதுக்கு?"

அவள் நின்றுவிட்டாள்.

"மொதல்ல நெசமாலுமே வாங்கி அடிபட்டேன். அப்புறம், 'இதெல்லாம் வேண்டாமுங்க'ன்னு ஒவ்வொருத்தர்கிட்டயும் சொல்லிப் பார்த்தேன். ஒருத்தரும் காதுல போட்டுக்கல. வாங்கிட்டேன்னு சொன்னா மட்டும் ஒடனே கேக்கறாங்க." கடைசித் துண்டு பன்னை வாயில் போட்டுக்கொண்டார். "பன் வேற கெடைக்குது. ஆமா, தம்பிக்கு ஃபீஸ் கட்டியாச்சுங்களா?"

அடுத்த மாதம் அரங்கசாமி ஒரு கல்யாணத்துக்காக பவானி போயிருந்தார். அன்றைக்கென்று 'மாப்பிள்ளை டாட் காம்' எகிறியது.

"வீட்டு அட்வான்ஸுக்கு வெச்சிருந்ததை மொத்தமாப் போடறேன்," என்று பேக்கரி மேசையில் ஜெஃபின் போனை எடுத்தான். "அண்ணன் ஊர்லயே இல்ல. இதைவிட நல்ல நேரம் வாய்க்குமா?"

அங்கே அதிகம் பேசாத ஹிபா, டீ கிளாஸைக் கீழே வைத்தாள்.

"அண்ணன் இப்பத்தாங்க போன் பண்ணாரு," என்றாள். "பஸ்ல இருந்தே வாங்கிட்டாராம்."