தூரத்திலிருந்தே தெரியணும்

“‘அது காதுல இருக்கா இல்லையான்னே தெரியல, நான் என்ன சுவத்துக்கிட்டயா பேசறேன்?’ இதுதான் அம்மா கேட்டது. ஒரு வார்த்தை நான் கூட்டிச் சொல்லல,” என்றான் கணவன், கடைப் படியேறும்போதே.

“அதுக்குத்தான் பெருசா வாங்கப் போறேன்,” என்றாள் மனைவி.

“இது ஒரு பதிலா?”

அவளுக்கு வீட்டிலிருந்தே வேலை. பாதி நேரம் வாடிக்கையாளர்களிடம் பேச்சு, மீதி நேரம் கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டிருக்க வேண்டும். இவ்வளவு நாள் காதுக்குள் செருகும் இயர்பட்ஸ்தான். நேற்று பேன்ட் பாக்கெட்டோடு அது வாஷிங் மெஷினுக்குள் போய், பளபளவென்று குளித்து, உயிரில்லாமல் வெளியே வந்துவிட்டது.

கடைக்காரர் மறுபடியும் இயர்பட்ஸையே நீட்டினார். கனம் கிடையாது, காது வேர்க்காது, கைப்பையில் ஒரு மூலையில் கிடக்கும் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தவர், கடைசியில், “முடியை எடுத்து முன்னால விட்டுட்டா, மாட்டியிருக்கறதே யாருக்கும் தெரியாதும்மா,” என்றார்.

“அதான் வேண்டாம். காதையே மூடற மாதிரி பெருசு காட்டுங்க.”

காட்டினார். அவள் மாட்டிக்கொண்டாள். ஹெலிகாப்டர் ஓட்டப் போகிறாயா என்று கணவன் கேட்டான். அவள் அதைக் காதில் வாங்காமல், கடைக்கோடியில் ஃப்ரிட்ஜ் வரிசைக்குப் பக்கத்தில் போய் நிற்கச் சொன்னாள். நின்றான்.

“அங்கேருந்து தெரியுதா?”

“தெருவுக்கே தெரியுது.”

“கறுப்பு முடியோட கலந்துடும். இதே ஆரஞ்சு கலர்ல இருந்தா குடுங்க,” என்றாள் கடைக்காரரிடம்.

வெளிச்சத்தமே உள்ளே வராத ரகம் ஒன்று இருக்கிறது, இன்னும் கொஞ்சம் பணம் போட்டால் போதும் என்று அவர் ஆசை காட்டினார். வேண்டவே வேண்டாம் என்றுவிட்டாள். சிக்கனம் பார்க்கிறாள் என்று கணவன் நினைத்துக்கொண்டான். அந்த ஒரு விஷயத்தில்தான் அவனுக்கு நிம்மதி.

வழியெல்லாம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தவன், வீட்டு வாசலில் சொன்னான். “அம்மா முகத்துக்கு நேரா ‘பேசாதே’ன்னு போர்டு மாட்டற மாதிரி இருக்கு.”

“மாட்டத்தான் போறேன்.”

மாமியார் சமையலறை மேஜையில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். மருமகள் தலையைப் பார்த்ததும், “வாங்க மகாராணி. கிரீடம் வந்தாச்சாக்கும்,” என்றார். அப்புறம் கொஞ்சம் தயங்கி, “இதைப் போட்டா ஒண்ணுமே கேக்காதா?” என்றார்.

“ஒண்ணுமே கேக்காது அத்தை. ஏதாவது வேணும்னா வந்து தோளைத் தட்டுங்க.”

கணவன் பல்லைக் கடித்தான். மாமியார் கோபப்படவில்லை. மகனைப் பார்த்து, “நீ வெளியில எங்கயும் போகலியாடா?” என்று மட்டும் கேட்டார். உங்கள் பிள்ளைக்குத் தலைவலி, படுக்கப் போகிறார் என்று மருமகளே முந்திக்கொண்டு, அவனைப் படுக்கையறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினாள்.

இல்லாத தலைவலியோடு எவ்வளவு நேரம்தான் படுத்திருப்பது? இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று எழுந்து வந்தவன், கூடத்து வாசலிலேயே நின்றுவிட்டான்.

சமையலறையில் யாரோ பாடிக்கொண்டிருந்தார்கள். ரேடியோ என்று நினைத்தான். ரேடியோ நடுவில் இருமாது. பட்டாணியும் உரிக்காது.

கூடத்தில் அவள் கம்ப்யூட்டர் முன்னால், தலையில் ஆரஞ்சுக் கிரீடத்தோடு, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். விரல்கள் மேஜையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தன. பூனை மாதிரி பக்கத்தில் போனான். ஹெட்போனில் விளக்கே எரியவில்லை. அவள் அதை ஆன் பண்ணவே இல்லை.

அவன் வாயைத் திறப்பதற்குள் உதட்டில் விரலை வைத்துக் காட்டினாள். பிறகு பதிலைத் திரையில் தட்டினாள்.

‘போன மாசம் ட்ரெயினிங்குக்கு ஆபீஸ்ல பெரிய ஹெட்போன் குடுத்தாங்க இல்ல? சார்ஜ் தீர்ந்தது தெரியாம மாட்டிட்டு இருந்தேன். எனக்குக் கேக்காதுன்னு நெனச்சு அத்தை பாடினாங்க. கழட்டினேன், டக்குனு நிறுத்திட்டு குழாயைத் திறந்து விட்டுட்டாங்க.’

“அம்மா பாடுவாங்களா?” என்று அவன் காற்றுக் குரலில் கேட்டான்.

‘இயர்பட்ஸ்னா இருக்கா இல்லையான்னு அவங்களுக்குச் சந்தேகம். சந்தேகம் வந்தா பாட மாட்டாங்க. அதான் பெருசு.’

அவன் படித்து முடித்தும் அவள் விரல் நிற்கவில்லை.

‘பாட்டை ஏன் விட்டீங்கன்னு ஒரு நாள் பேச்சுவாக்குல கேட்டேன். ஸ்கூல் படிக்கறப்போ அவங்க பாட ஆரம்பிச்சாலே நீங்க ரெண்டு காதையும் பொத்திக்கிட்டு ஓடுவீங்களாமே?’

அவன் கை தன்னாலே காதுப் பக்கம் போய், பாதியில் இறங்கியது. மெதுவாக அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தான்.

உள்ளே குரல் ஏறி, குலுங்கி, ஒரு வளைவில் திரும்பி, தடுக்கி நின்றது. திரும்ப முதலிலிருந்து வந்தது. அதே இடத்தில் மறுபடி நின்றது.

பாட்டின் அடுத்த அடி அவனுக்குத் தெரியும். அத்தனை தடவை காதைப் பொத்திக்கொண்டு ஓடியும் எப்படியோ உள்ளே போய் உட்கார்ந்திருக்கிறது. முகமெல்லாம் சிரிப்பாக அவன் வாயைத் திறக்க, அவள் பாய்ந்து அந்த வாயைப் பொத்தினாள்.

பட்டாணி உரிக்கும் சத்தம் நின்றது. கேட்க ஒருத்தரும் இல்லை என்ற தைரியத்தில் மாமியார் தனக்குத்தானே சிரித்துக்கொண்டார்.

“அடுத்த அடி நாக்கு நுனியில நிக்குது... யாராவது எடுத்துத்தான் குடுங்களேன்.”