தாழ்ந்த மேகங்களின் கணக்கு

"இன்னொரு தடவை பாத்துட்டு வாம்மா."

ஆய்வு மைய இயக்குநர் காகிதங்களைத் திருப்பி நீட்டியதும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இது ஐந்தாவது தடவை.

பூமிக்கு வரும் வெயிலில் மேகங்கள் எவ்வளவைத் திருப்பி அனுப்புகின்றன, எவ்வளவு சூடு இங்கேயே தங்கிவிடுகிறது என்று எட்டு மாதமாகச் செயற்கைக்கோள் அளந்துகொண்டிருந்தது. கடல்மேல் தாழ மிதக்கும் மேகங்கள், கையேட்டில் போட்டிருப்பதைவிடக் குறைவாகத்தான் திருப்புகின்றன என்று கண்டுபிடித்தவள் அவள். உலகம் முழுக்கப் புழங்கும் கையேடு. அன்றிலிருந்து அவள் கால் தரையில் பாவவில்லை.

"சார், கருவியில கோளாறா இருக்கும்னீங்க, பாத்தேன். காத்துல இருக்கிற தூசின்னீங்க, அதையும் பாத்தேன். இன்னும் என்ன சார்?"

"அலையில பட்டு வெயில் பளபளக்குமே, அதைக் கழிச்சியா?"

அவள் காகிதங்களைப் புரட்டினாள்; அது மட்டும் அதில் இல்லை.

"அதைப் பாத்துட்டு வா."

கேன்டீனில் தோழி குரலைத் தாழ்த்தினாள். "வயித்தெரிச்சல்டி. நேத்து வந்த பொண்ணு பேர் வாங்கிட்டுப் போயிடுவாளேன்னு."

அவளுக்கும் அப்படித்தான் பட்டது. ஆனாலும் வீம்புக்கு உட்கார்ந்து பளபளப்பையும் கழித்துப் பார்த்தாள். எண் இம்மியும் அசையவில்லை.

அடுத்த வாரம் கருத்தரங்கு. அரங்கில் நிற்கக்கூட இடமில்லை. அவள் பேசி முடிப்பதற்குள் கேள்விகள் பாய்ந்து வந்தன.

"கருவி பழுதா இருந்தா?"

பதில் இருந்தது.

"தூசி?"

அதற்கும் இருந்தது.

"அலையோட பளபளப்பைக் கழிச்சீங்களா?"

"போன வாரம்தான் கழிச்சேன் சார்" என்றாள். கழித்தும் எண் மாறாததைத் திரையில் காட்டினாள். கேட்டவர் பேனாவை மூடிவிட்டுக் கை தட்டினார். அரங்கமே சேர்ந்துகொண்டது.

முன்வரிசையில் ஒருவர் சிரித்துக்கொண்டே எழுந்தார். "சரிம்மா, ஒத்துக்கறோம். அப்ப கையேட்டுல தப்பான எண்ணைப் போட்ட மகானுபாவர் யாரு? அதுல பேரே இல்லையே?"

சிரிப்பு அடங்குவதற்குள் கடைசி வரிசையில் ஒரு கை உயர்ந்தது.

"நான்தாங்க" என்றார் இயக்குநர். "இருபத்திரண்டு வருஷமா எல்லாரும் நம்பிட்டிருக்கிற எண். அதைத் தப்புன்னு சொல்ல வர்ற பொண்ணை யாரும் மடக்கிடக் கூடாதேன்னுதான் அஞ்சு தடவை பாக்கச் சொன்னேன்."