மடிப்புக் கலையாத சட்டை

வாருங்கள். வந்து பாருங்கள்.

வருவாய் அலுவலகத்தின் மூன்றாம் மேசைக்கு முன்னால் ஒருவன் குற்றவாளியைப் போல நிற்கிறான்.

அவன் செய்த குற்றம், தேய்த்த சட்டை அணிந்து வந்தது.

வெள்ளைச் சட்டை. கஞ்சி போட்டது. தோளிலிருந்து மணிக்கட்டு வரை கத்தியால் கீறியதுபோல் ஒரே கோடு.

அலுவலர் மனுவைப் புரட்டுமுன் சட்டையைப் படித்தார்.

மனுவில் எல்லாம் இருந்தது. குடும்ப அட்டையின் நகல் இருந்தது. அவன் மனைவி மரகதத்தின் இதய வால்வு சுருங்கிவிட்டது, தாமதிக்காமல் அறுவை செய்ய வேண்டும் என்ற மருத்துவச் சீட்டும் இருந்தது. அரசின் காப்பீட்டு அட்டை கையில் இருந்தால் அறுவைக்குக் காசு வேண்டாம் என்று மருத்துவமனையில் சொல்லியிருந்தார்கள். அட்டைக்கு வருமானச் சான்று வேண்டும். சான்றுக்கு இந்த மேசையின் கையெழுத்து வேண்டும்.

வெள்ளிக்கிழமைக்குப் படுக்கை ஒதுக்கியிருந்தார்கள்.

அன்று புதன்.

தொழில் என்ற கட்டத்தில் 'துணி தேய்த்தல்' என்று எழுதியிருந்தான். நான்கு தெருக்கள் கூடும் முனையில் ஒரு தள்ளுவண்டி. கரி போட்டுச் சூடேற்றும் ஓர் இஸ்திரிப் பெட்டி. இருபத்தாறு ஆண்டுகள்.

"சொந்தத் தொழில்," என்றார் அலுவலர். நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"ஏம்பா, கல்யாணத்துக்குக் கிளம்பின மாதிரி வந்து நின்னுக்கிட்டு ஏழைன்னு எழுதச் சொல்றியே. நாளைக்கு மேல இருக்கறவங்க என்னைக் கேக்க மாட்டாங்களா?"

வரிசையில் யாரோ சிரித்தார்கள். ஒருவர் சிரித்ததும் மற்றவர்களும் சிரித்தார்கள்.

அவன் சட்டையைக் கழற்றிக் காட்டியிருக்கலாம். தேய்க்கக் கொடுத்த வீடொன்றில் கழித்துப் போட்ட சட்டை அது. காலர் நைந்தபோது பிரித்து, மறுபக்கம் திருப்பித் தைத்திருந்தான். முதுகில் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஒட்டு.

அவனுடைய ஏழ்மை முழுவதும் முதுகுப்பக்கம் இருந்தது. அரசு முன்பக்கம் மட்டும் பார்த்தது.

இன்னொன்றையும் அவன் சொல்லியிருக்கலாம்.

அலுவலர் அணிந்திருந்த நீலக் கட்டம் போட்ட சட்டையில் நான்காவது பொத்தான் பாதி உடைந்திருந்தது. முந்தின மாலை, அது மேலும் நொறுங்கிவிடாதபடி, பெட்டியின் மூக்கால் சுற்றிச் சுற்றித் தேய்த்தவன் அவன்தான். அந்தத் துணி மூட்டையை ஒரு வீட்டு வேலைக்காரம்மா கொண்டுவருவார், அவரே எடுத்துப் போவார். அது யாருடைய சட்டை என்று அவனுக்கே இப்போதுதான் தெரிந்தது.

சொன்னால் அந்த வீட்டு மூட்டை நாளை வேறு வண்டிக்குப் போய்விடும்.



மனுவின் ஓரத்தில் சிவப்பு மையில் 'மறுவிசாரணை' என்று விழுந்தது. நாளைக் காலை பத்து மணிக்கு வரச் சொன்னார் அலுவலர். உள்ள நிலைமையை உள்ளபடி காட்டு, எனக்கும் மனசாட்சி இருக்கிறது என்றார்.

அவனுடைய வெள்ளைச் சட்டையைத் தேர்ந்தெடுத்தவள் மரகதம்.

நாலடி நடந்தாலே மூச்சு முட்டுகிறவள், முந்தின நாள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, சோற்றுக் கஞ்சியை வடித்து எடுத்துக் கொடுத்தாள். கசங்கிப் போய் நின்றால் வாசலோடு அனுப்பிவிடுவார்கள் என்றாள். ஊருக்கெல்லாம் தேய்க்கிற மனுஷன் தனக்கு ஒரு நாள் தேய்த்துக்கொண்டால் பெட்டி கோபித்துக்கொள்ளுமா என்று கிண்டல் வேறு.

மாலை அவன் வீடு திரும்பியதும் அதைத்தான் முதலில் கேட்டாள். சட்டையைப் பார்த்து என்ன சொன்னார்கள்?

"நல்லா இருக்குன்னாங்க."

அவள் முகம் மலர்ந்தது.

மறுநாள் காலை அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான். சட்டையை எடுத்தான். சுருட்டினான். முறுக்கினான். உதறிப் பார்த்தான்.

கோடு அங்கேயே நின்றது.

தண்ணீர் தெளித்து மீண்டும் கசக்கித் தரையில் வைத்தான்.

வைத்த கை, தன்போக்கில், அதை நீவிவிட்டது.

இருபத்தாறு ஆண்டுகள் பழகிய கை. அதற்குக் கசக்கத் தெரியவில்லை.

பின்னால் பாயிலிருந்து ஒரு கை நீண்டது.

மரகதம் சட்டையை வாங்கித் தன் முதுகுக்குக் கீழே விரித்துக்கொண்டாள். மல்லாந்தால் மூச்சு அடைக்கும் என்று மூன்று மாதமாகச் சுவரில் சாய்ந்தே உறங்குகிறவள், அதன்மேல் மல்லாந்து படுத்தாள்.

இந்தப் பக்கம் புரண்டாள்.

மூச்சு இரைத்தது.

அந்தப் பக்கம் புரண்டாள்.

அவன் தூக்கிவிடப் போனான். வேண்டாம் என்று கையசைத்தாள்.

"பத்து மணிக்குள்ள ஆயிடும்," என்றாள்.

மணி எட்டு. அலுவலகம் திறக்க இன்னும் இரண்டு மணி நேரம்.

இதைப் படிக்கிறவர்களே! உங்களிடமும் ஒரு தேய்த்த சட்டை இருக்கும். யார் தேய்த்தது என்று உங்களுக்குத் தெரியாது. அதை அணிந்துகொள்ளுங்கள். பத்து மணிக்கு அந்த வரிசைக்கு வாருங்கள். அவனுக்குப் பின்னால் நில்லுங்கள். அவன் முதுகின் ஒட்டு உங்கள் கண்ணெதிரே இருக்கும்.

இம்முறை சிரிக்காதீர்கள்.

பேசுங்கள்.