சார்ஜ் ஏறாத படகு

படகில் என்ன கோளாறு என்பது எனக்கு நன்றாகத் தெரியும். செய்தவனே நான்தான்.

ஆனாலும் எஞ்சின் பெட்டிக்குள் தலையை விட்டு, ஒவ்வொரு ஃபியூஸாகக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மேலே டார்ச்சைப் பிடித்தபடி நின்றவர் என் அக்கா வீட்டுக்காரர். மருந்துக்கடைக்காரர். கடையை மகனிடம் ஒப்படைத்துவிட்டு, ஆசை ஆசையாக இந்தச் சின்ன மீன்பிடிப் படகை வாங்கியிருந்தார்.

வாங்கிய வாரம், தெரிந்தவர் ஒருவரோடு ஒரே ஒரு தடவை கடலுக்குப் போய்வந்தார். வந்ததும் மாடி உயரத்துக்கு அலை எழுந்ததையும், அதில் தான் அசராமல் நின்றதையும் அக்காவிடம் நாற்காலி மேல் ஏறி நடித்தே காட்டினார்.

அன்று மாலையே அக்கா என் கடைக்கு வந்துவிட்டாள். "நீ கரண்டு வேலை பாக்கறவன்தானே? அந்தப் படகு கரையை விட்டு நகரக் கூடாது. எப்படின்னு எனக்குத் தெரியாது."

அக்கா சொல்லி நான் எதையும் மறுத்ததில்லை. சின்ன வயதில் அவள் வைத்த கொட்டு இன்னும் மண்டையில் இருக்கிறது.

பெரிய வேலை ஒன்றும் இல்லை. எஞ்சின் ஓடும்போது பேட்டரிக்கு மின்சாரம் ஊட்டுவது ஆல்டர்னேட்டர். அதன் முதுகில் இருக்கும் மெல்லிய கம்பியைப் பிடுங்கிவிட்டால் அது சும்மா சுற்றிக்கொண்டிருக்கும்; சார்ஜ் ஏறாது. பேட்டரி படுத்துவிடும். விளக்கும் வயர்லெஸ்ஸும் இல்லாத படகை யார் கடலுக்கு எடுப்பார்கள்?

பிடுங்கியவனையே அத்தான் சரிபார்க்கக் கூப்பிட்டார். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்பார்களே, அதைத்தான் மூன்று வாரமாகச் செய்துகொண்டிருக்கிறேன்.

பெல்ட்டைத் தட்டினேன். பேட்டரி முனைகளைச் சுரண்டினேன். எதற்கும் சம்பந்தமில்லாத ஒரு நட்டைக் கழற்றி, முகர்ந்து பார்த்து, "ம்ஹும்" என்று மறுபடி மாட்டினேன்.

பக்கத்துப் படகில் வலையைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தவருக்கு இது பொறுக்கவில்லை. "ஒரு சார்ஜ் கோளாறுக்கு மூணு வாரமா? வேற நல்ல ஆளாப் பாருங்க சார்!"

படகுத்துறையே என்னைத் திரும்பிப் பார்த்தது. அதில் பாதிப் பேர் என் வாடிக்கையாளர்கள்.

அத்தான் என்னை விட்டுக்கொடுக்கவில்லை. "என் மச்சான் கைபட்டா செத்த மோட்டாரும் எழுந்து உக்காரும். இது ஏதோ பெரிய கோளாறு."

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அக்காவுக்குப் பயந்து தொழிலில் எடுத்த பெயரைக் கெடுத்துக்கொள்வதா? அதுவும் இப்படி நம்புகிற மனிதரை ஏமாற்றி? கொட்டு விழுந்தால் விழட்டும் என்று, தேடுவதுபோல் கையை உள்ளே விட்டு மெல்லிய கம்பியை மாட்டிவிட்டேன்.

"ஸ்டார்ட் பண்ணுங்க அத்தான்!" என்றேன், துறை முழுக்கக் கேட்கும்படி.

கடையில் சார்ஜ் ஏற்றிக் கொண்டுவந்த பேட்டரி என்பதால் எஞ்சின் உடனே பிடித்தது. மீட்டரைப் பெருமையோடு தூக்கிப் பிடித்தேன். முள் பதினாலு வோல்ட்டுக்கு ஏற வேண்டும்.

பன்னிரண்டில் நின்றது நின்றதுதான்.

பக்கத்துப் படகுக்காரர் வலையைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார்.

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாகிவிட்டது. மூன்று வாரத்தில் முதல் தடவையாக நிஜமாகவே தேடினேன். வியர்வை கண்ணில் இறங்கியது. எஞ்சினை வேகப்படுத்தச் சொன்னேன். ஏதோ கருகும் வாடை வந்தது. "அணைங்க, அணைங்க!" என்று கத்தியபடி டார்ச்சை வாங்கி ஆல்டர்னேட்டரின் பின்பக்கம் அடித்தேன்.

அங்கிருந்து பேட்டரிக்குப் போகும் தடித்த கம்பியை யாரோ கழற்றியிருந்தார்கள்.

நட்டு தொலைந்துவிடாதபடி அதன் இடத்திலேயே முடுக்கியிருந்தது. கம்பியின் முனை எங்கும் உரசாமல் இருக்கப் பஞ்சு வைத்து, காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரியால் அழகாகக் கட்டுப் போட்டிருந்தது. எந்த எலக்ட்ரீஷியனும் இப்படிக் கட்ட மாட்டான்.

நிமிர்ந்து பார்த்தேன். மாடி உயர அலையில் அசராமல் நின்ற மனிதர், முகம் வெளுத்துப்போய், இரண்டு கைகளாலும் படகின் விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தார். கரையில் கட்டிப்போட்ட படகு. தண்ணீர்கூட அசையவில்லை.

இந்தத் துறையில் என் திறமையை மெய்யாகவே நம்பியவர் இவர் ஒருவர்தான். எங்கே நான் சரிசெய்துவிடுவேனோ என்று பயந்திருக்கிறார்.

"பெரிய கோளாறா, மச்சான்?" என்றார். அந்தக் குரலில்தான் எத்தனை ஆசை!

பொய் சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை. தடித்த கம்பி இல்லாமல் மெல்லிய கம்பியை மட்டும் மாட்டி ஓட்டினால் ஆல்டர்னேட்டர் உள்ளுக்குள்ளேயே வெந்துவிடும். நான் நல்லவனாக மாறிய அந்தக் கொஞ்ச நேரத்தில் அது வெந்துவிட்டிருந்தது.

"ஆல்டர்னேட்டர் போச்சு அத்தான். புதுசுக்குச் சொல்லி, அது வந்து சேர மாசக்கணக்காகும்."

அத்தான் நீளமாக ஒரு மூச்சு விட்டார். முகத்தில் ரத்தம் திரும்பி வந்தது. என் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கி, இரண்டு காலும் கரையில் பட்ட பிறகுதான் துக்கப்பட வேண்டும் என்பதே அவருக்கு ஞாபகம் வந்தது.

"என்னை விடு மச்சான். உங்கக்காவை நெனச்சாத்தான் கஷ்டமா இருக்கு," என்றார். "நான் கடலுக்குப் போறதுல அவளுக்கு அவ்வளவு பெருமை. ஒடைஞ்சு போயிடுவா. அவகிட்ட எப்படிச் சொல்லப் போறேன்?"

நானே பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன் என்றேன்.