சிங்கத்தலை வாள்

கையிலிருந்த கொஞ்சப் பணத்தில், ராஜா காலத்து வாள் மாதிரி ஒன்று வாங்கக் கடைக்கு வந்தார் சற்குணம். இதுதான் அவருக்கு முதல் வாள்.

"என் பிடியைப் பாருங்க, சிங்கத்தலை! கண்ணுல சிவப்புக் கல்!" என்றது பளபளப்பான வாள்.

"அதோட இரும்பு பிடிக்குள்ள விரல் நீளம்கூடப் போகல சார். எனக்குக் கடைசி வரைக்கும் போகுது. விலையும் ஒண்ணுதான்" என்றது பக்கத்திலிருந்த சாதா வாள்.

"உன்னைச் சுவத்துல மாட்டினா, வர்றவன் மீன் வெட்டுற கத்தின்னு நினைப்பான்" என்று சொல்லிவிட்டுச் சிங்கத்தையே வாங்கினார் சற்குணம்.

ஆயுத பூஜையன்று அதற்குச் சந்தனப் பொட்டு வைத்து, தெருவே பார்க்க, முகம் வரைந்த திருஷ்டிப் பூசணிக்காயை நோக்கி ஓங்கினார். சிங்கத்தலை கையிலேயே இருந்தது. இரும்பு மட்டும் பறந்துபோய் வாசல் வாழைமரத்தில் குத்தி நின்றது.

கீறல்கூட விழாத பூசணிக்காய் கேட்டது: "வெட்டியாச்சா சார்? கண்ணைத் திறக்கலாமா?"