அடுத்த வருடத்துச் சமையலறை

வாங்கப்போகும் பொருள் அடுத்த வருடம் நம் வீட்டில் எப்படி உழைக்கும் என்று திரையில் காட்டிவிடும் கடை அது. பாத்திரம் கழுவும் இயந்திரம் பார்க்க நறுமுகையும் கணவன் செந்தூரனும் வந்திருந்தார்கள்.

உள்சூட்டிலேயே காயவைக்கும் முதல் வகையில் டப்பாக்களில் ஈரம் நின்றது. அடுத்தது, கழுவியதும் தானே கதவைத் திறந்து ஆவியை வெளியே விட்டது. எல்லாம் பளிச்சென்று காய்ந்திருந்தன.

“இதையே எடுத்துக்கலாம்,” என்றான் செந்தூரன்.

நறுமுகை திரையில் இயந்திரத்தின் மேல்தட்டைக் காட்டினாள். டம்ளர்களுக்கு நடுவே, குழந்தைக்குப் பால் புகட்டும் பாலாடை ஒன்று. எத்தனையோ வருடமாகக் குழந்தைக்கு ஏங்கி, கடவுளிடம் கேட்பதையே விட்டிருந்தார்கள்.

“இது எங்க வீடுதானே?” செந்தூரன் திரையருகே குனிந்தான்.

“உங்க வீடேதாங்க,” என்றாள் விற்பனைப் பெண்.

நறுமுகை கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். “அப்போ இது வேணாம். குழந்தை தவழுற வீட்ல கதவு தானாத் திறந்து ஆவி அடிக்கக் கூடாது. மூடினபடியே நல்லாக் காயவைக்கிறதா வேற ஒண்ணு காட்டுங்க.”