மக்றேயின் இரண்டாவது வாய்

“மக்றே ஏசினால், அதையும் மொழிபெயர்ப்பியளோ?” என்று கேட்டாள் மனைவி சிவனேஸ்வரி.

“ஏச மாட்டார்,” என்றார் பத்மநாதன். கழுத்துப்பட்டியை இறுக்கினார்.

“போன கூட்டத்தில மேசையில குத்தினவராமே.”

“குத்தினது எல்லாருக்கும் விளங்கினது. பேசினதுதான் ஒருத்தருக்கும் விளங்கேல்லை. அதாலதான் இண்டைக்கு என்னைக் கூப்பிட்டவர்.”

“அப்ப முப்பது கிழவரின்ர கூரை உங்கட நாக்கில நிக்குது. குளறிப்போடாதேங்கோ.”

மக்றே ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்துக்காரர். ஒரு பழைய சரக்குக் கப்பலில் தொடங்கிப் பதினொரு கப்பல்களுக்கு முதலாளியானவர். லண்டனுக்கு வந்த பிறகு, அதன் கிழக்கே பார்க்கிங் என்னும் நகரில், கவுன்சில் நிலத்தில் வயதான கப்பல் தொழிலாளர்களுக்கு ஒரு விடுதி கட்டினார். கவுன்சிலில் எட்டு வருடம் இருந்தார். அங்கே அவரை ஒருவரும் மறுத்துப் பேசியதில்லை.

பத்மநாதன் அகதியாக வந்து இறங்கியது கிளாஸ்கோவில். மக்றேயின் கந்தோரில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தார்.

விடுதியை இடித்து மாடிவீடுகள் கட்ட ஒரு கம்பனி கவுன்சிலிடம் கேட்டிருந்தது. அயலவர்கள் இன்று கைதூக்கி முடிவு சொல்வார்கள்.

மண்டபத்தில் எண்பது பேர். மக்றே எழுந்தார். ஐந்து நிமிடம் மூச்சுவிடாமல் பேசினார்.

“விடுதி வேண்டும் என்கிறார்,” என்றார் பத்மநாதன்.

கூட்டத் தலைவர் எழுதிக்கொண்டார்.

மக்றே கம்பனி அதிகாரியின் பக்கம் திரும்பினார். முகம் சிவந்தது. விரலை நீட்டி அவருடைய தாயைப் பற்றி ஏதோ சொன்னார்.

பத்மநாதன் இருமினார். “உங்கள் தாயார் சுகமா என்று கேட்கிறார்.”

“சுகம். மிக்க நன்றி,” என்றார் அதிகாரி. நெகிழ்ந்துபோயிருந்தார்.

பின்வரிசையில் சிவனேஸ்வரி கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மக்றே தண்ணீர் குடித்தார். பிறகு தாழ்ந்த குரலில் பேசினார். இம்முறை பத்மநாதன் ஒரு சொல்லையும் விடவில்லை.

“பன்னிரண்டாம் அறையில் இருப்பவர் நாற்பது வருடம் கடலில் இருந்தவர். படுக்கை ஆடாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. கட்டிலின் ஒரு காலுக்குக் கீழே மரத்துண்டு வைத்திருக்கிறோம். புரளும்போது ஆடும். புது இடத்தில் அதை யார் வைப்பார்கள்?”

தலைவர் வாக்கெடுப்பை அறிவித்தார். எழுபத்தொரு கைகள் உயர்ந்தன. விடுதி தப்பியது.

மக்றே பத்மநாதனின் முதுகில் ஓங்கி அறைந்தார்.

கூட்டம் கலையும்போது, பார்க்கிங்கிலேயே பிறந்து வளர்ந்த வெள்ளைக்கார மூதாட்டி ஒருவர் வந்து பத்மநாதனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“இன்றைக்குத்தான் எங்கள் எல்லோருக்கும் புரிந்தது. உங்கள் ஆங்கிலம் மிக நன்றாக இருக்கிறது,” என்றார். “அந்த ஸ்கொட்லாந்துக்காரர் பேசுவதும் ஆங்கிலம்தானாம். அவருக்கும் கொஞ்சம் சொல்லிக்கொடுங்களேன்.”